மேற்கு வீட்டுப் பெண் பெற்றோருடன் அனுப்பி வைக்கப்பட்டார்

வெள்ளெருக்குப்பட்டி வட்டாரத்தில் அமைதிக்குக் குறைவே கிடையாது. அமைதிக்கென்று ஒரு நிலைக்குழுவும், நிலைக்குழுவுக்கென்று மஞ்சள் வண்ணம் பூசிய ஒரு கட்டடமும், கட்டடத்துக்கென்று ஒரு ஜீப்பும் இருக்கின்றன. இக்குழு எத்தனையோ சண்டைகளை அமைதிப்படுத்தியிருக்கிறது. அவற்றில் ஒன்றாவது தீர்ந்துபோனதாகத் தகவல் இல்லை. தீர்ந்துவிட்டால் அடுத்த கூட்டத்துக்கு ஆள் வராது என்பதைக் குழுத் தலைவர் சிவபிரகாஷ் நன்கு அறிவார்.

ரெங்கராஜ் அந்தக் கட்டடத்துக்குள் அதுவரை போனதில்லை. அவர் எரிந்துபோன கிணற்று மோட்டார்களுக்குச் செம்புக் கம்பியில் காயில் கட்டும் கடை வைத்திருப்பவர். மோட்டார் எரிந்தவர்கள் அவரிடம் வருவார்கள். வயிறு எரிந்தவர்கள் குழுவுக்குப் போவார்கள். இரண்டு இடத்துக்கும் நடுவே இலுப்பூர் போகும் சாலை இருந்தது. அவருக்கு அந்தச் சாலையைத் தாண்ட வேண்டிய தேவை வந்ததில்லை.

தேவையை உண்டாக்கியவள் அவருடைய மகள் அன்புமொழி. சென்னையில் பல வருடம் உதவி இயக்குநராக இருந்துவிட்டு, சொந்தமாக ஒரு படம் எடுப்பதற்கு ஊருக்கு வந்திருந்தாள். சிலம்பமும் கொலையும் மணல் கடத்தலும் நிறைந்த படம். கண்மாய் மடையைத் திறப்பதில் பகையாகிப்போன இரண்டு குடும்பங்கள், கிழக்கு வீடு, மேற்கு வீடு. கிழக்கு வீட்டுப் பையனும் மேற்கு வீட்டுப் பெண்ணும் ஒருவரையொருவர் விரும்புகிறார்கள். கடைசிக் காட்சியில், கையில் கம்போடு வாசலை மறித்து நிற்கும் பெண்ணின் அப்பா ஒதுங்கி வழிவிடுகிறார். இருவரும் தெருவில் இறங்கிப் பட்டப்பகலில் கைகோத்து நடந்து போகிறார்கள். உயிரோடு.

பெண்ணின் அப்பாவாக ரெங்கராஜே நடித்தார். சின்ன வயதிலிருந்து கோயில் திருவிழாக்களில் கம்பு சுற்றியவர் என்பது ஒரு காரணம். இயக்குநர் கூப்பிட்டால் மறுக்க முடியாத இடத்தில் இருந்தார் என்பது இன்னொன்று. பையனின் அப்பாவாக நடித்தவர் அவருடைய மச்சான் சோலையப்பன், பேக்கரிக்காரர். பெண், கீரமங்கலத்தில் இருந்து வந்த வைஷ்ணவி. பி.எட் படிக்கிறாள், சிலம்பத்தில் மாநிலப் போட்டி வரை போனவள். பையன் விக்ரம், தோஹாவில் ஏசி மெக்கானிக், விடுமுறையில் வந்திருப்பவன்.

கடைசிக் காட்சி ஒன்றுதான் பாக்கி. அடுத்த வெள்ளிக்கிழமை விக்ரமுக்கு விமானம். அதை விட்டால் அடுத்த விடுமுறை இரண்டு வருடம் கழித்துத்தான். அதற்குள் அந்தக் காட்சியை எடுத்தாக வேண்டும். எடுக்காவிட்டால் படமே இல்லை.

பொதுத்தெருவில் எடுப்பதற்குக் காவல் நிலையத்தில் போய் அனுமதி கேட்டார்கள். சண்டைக் காட்சி என்றால் இப்போதே தருகிறோம், விரும்புகிற விவகாரம் என்றால் அமைதிக் குழுவைப் பார்த்துவிட்டு வாருங்கள் என்று அங்கே சொன்னார்கள். அப்படித்தான் ரெங்கராஜ் சாலையைத் தாண்டினார்.

சிவபிரகாஷ் கதையை முழுக்கப் படித்திருந்தார். மிகவும் பாராட்டினார். கண்மாய்க்கரைச் சண்டையில் நமது மண்ணின் வீரம் தெரிகிறது என்றார். மணல் கடத்தலையும் பாராட்டினார். லாரிகளின் நம்பர் பிளேட்டை மட்டும் மறைத்துவிடுமாறும், இல்லையென்றால் யாருடைய லாரி என்று சனங்கள் கண்டுபிடித்து அவருக்குச் சங்கடமாகிவிடும் என்றும் கேட்டுக்கொண்டார். பிறகு கடைசிப் பக்கத்துக்கு வந்தார்.

"படத்துல ஒம்பது கொலை இருக்கு. எனக்கு அதுல ஒரு சங்கடமும் இல்லைம்மா. கொலைன்னா ஒரு கேஸு, ஒரு கைது, ஒரு ஜாமீன். பழகுன வேலை. கடைசியில ரெண்டு பேரு தெருவுல நடந்து போறாங்கன்னு எழுதியிருக்கீங்க பாருங்க, இதுக்கு நான் எத்தனை வேன் பந்தோபஸ்து கேக்கிறது?"

"நடக்கத்தானே சார் செய்றாங்க" என்றாள் அன்புமொழி.

"சேந்துல்ல நடக்கிறாங்க."

கிழக்கு வீடு எந்த ஆட்கள், மேற்கு வீடு எந்த ஆட்கள் என்று அடுத்தபடியாகக் கேட்டார். கதையில் அது கிடையாது என்றாள் அவள். சிவபிரகாஷுக்கு முகம் வாடிவிட்டது. சொல்லியிருந்தால் இரண்டு சங்கத்துக்கு மட்டும் பதில் சொல்லியிருப்பார். சொல்லாமல் விட்டதால் இனி எங்களைத்தான் சொல்கிறார்கள் என்று எல்லாச் சங்கமும் வந்து நிற்கும். ஒருவர் பெயரையும் குறிப்பிடாமல் எல்லாரையும் புண்படுத்தியிருக்கிறீர்கள் என்று வருத்தத்தோடு சொன்னார்.

வழி கண்டுபிடித்தவர் குழுவின் கண்காணிப்பாளர் சொர்ணம். இரண்டு குடும்பத்தையும் அழைத்து அமைதிப் பேச்சுவார்த்தை நடத்திவிடலாம், இரு தரப்பும் ஒப்புக்கொண்டால் பிறகு யாரும் ஒன்றும் சொல்ல முடியாது என்றார்.

"அப்படி ரெண்டு குடும்பமே இல்லீங்களே மேடம்" என்றார் ரெங்கராஜ்.

அது ஒரு வசதிதான் என்று சொர்ணம் அவருக்குப் பொறுமையாக விளக்கினார். இருக்கிற குடும்பங்கள் சொன்ன நேரத்துக்கு வருவதே இல்லையாம்.

மறுநாள் காலை ரெங்கராஜ் கடையைத் திறக்க வந்தபோது, ஷட்டரில் அழைப்பாணை ஒட்டியிருந்தது. மேற்கு வீட்டுத் தரப்பு, பெண்ணின் தகப்பனார், என்று அதில் கண்டிருந்தது. மோட்டாரோடு வந்த வாடிக்கையாளர்கள் மோட்டாரைக் கீழே வைத்துவிட்டு, எந்தப் பிள்ளை, எவனோடு என்று விசாரித்தார்கள். மதியத்துக்குள் துண்டு போட்ட ஒருவர் வந்து, ரெங்கராஜ் தைரியமாக இருக்க வேண்டும் என்றும், மேற்கு வீட்டுக்காக இரண்டு வேனில் ஆள் இறக்கத் தமது சங்கம் தயார் என்றும் சொன்னார். மேற்கு வீடு என்ற ஒன்று கிடையாது என்று ரெங்கராஜ் எடுத்துச் சொன்னார். இல்லாத வீட்டுக்கே இத்தனை எதிர்ப்பு என்றால் இருக்கிற நமக்கு எவ்வளவு இருக்கும், அதனால்தான் ஒற்றுமை தேவை என்று சொல்லிவிட்டு அவர் போனார்.

பேச்சுவார்த்தை நாளில் ரெங்கராஜும் சோலையப்பனும் வழக்கம்போல ஒரே வண்டியில் போனார்கள். வாசலில் காவலர் நிறுத்திவிட்டார். பகையாளிகள் இருவர் ஒரே வண்டியில் வருவது பொதுமக்களைத் தூண்டிவிடும் செயல் என்றார். சோலையப்பன் இறங்கிக் கண்மாய்க்கரை வழியாகச் சுற்றி வந்து, ரெங்கராஜைப் பார்க்காத மாதிரி உள்ளே போக வேண்டியதாயிற்று. படத்தில் பயன்படுத்திய ஆயுதங்களை ஒப்படைக்கச் சொல்லியிருந்ததால், ரெங்கராஜ் கம்பை வாசல் ஓரம் சாத்தி வைத்தார்.

ஏ தரப்பு நாற்காலிகள் வடக்குச் சுவர் ஓரமாகவும் பி தரப்பு நாற்காலிகள் தெற்குச் சுவர் ஓரமாகவும் போடப்பட்டிருந்தன. முன்பு ஒருமுறை ஒரு தரப்புக்கு டீ முதலில் போனதால் ஊரடங்கு போட வேண்டியதாகிவிட்டதாம். அதனால் டீ இரண்டு கடையிலிருந்து, இரண்டு வழியாக, ஒரே நேரத்தில் உள்ளே வர வேண்டும் என்பது குழுவின் நடைமுறை. அந்த அறைக்கு ஒரு வாசல்தான். எனவே பி தரப்புக்கான டீ சன்னல் கம்பிக்கு ஊடே ஒவ்வொரு கிளாஸாக வந்தது. வாசல் வழி வந்த ஏ தரப்பு டீ, பி தரப்பின் கடைசிக் கிளாஸ் வரும் வரை காத்திருந்து ஆறியது. ரெங்கராஜ் எதையாவது வாசிக்க வேண்டும் என்றால் சோலையப்பனின் கண்ணாடியைத்தான் வாங்கிப் போட்டுக்கொள்வார். அன்று அந்தக் கண்ணாடி ஒரு காவலரின் கையில் எதிர்த்தரப்பிலிருந்து பாதுகாப்புடன் வந்து சேர்ந்தது.

விக்ரமும் வைஷ்ணவியும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து போனில் எதையோ பார்த்துக்கொண்டிருந்தார்கள். சொர்ணம் அதைக் கண்டதும் எழுந்துவிட்டார். குழுவுக்கு முன்னால் வரும் பெண்ணைப் பையனிடமிருந்து பிரித்துப் பெற்றோருடன் அனுப்பிவிட்டுத்தான் மற்ற பேச்சு என்பது அங்கே வழக்கம். பெண்ணின் விருப்பத்தைக் கேட்கும் வழக்கமும் உண்டு. அது அனுப்பிவைத்த பிறகு.

"எங்க அம்மா கீரமங்கலத்துல இருக்காக மேடம். நான் பஸ்ல போயிருவேன்" என்றாள் வைஷ்ணவி.

"கதையில அப்பா யாரும்மா?"

வைஷ்ணவி ரெங்கராஜைப் பார்த்தாள். ரெங்கராஜ் மகளைப் பார்த்தார். அதற்குள் ஜீப் கிளம்பிவிட்டது. பெண்ணை நல்ல நிலையில் பெற்றுக்கொண்டேன் என்று ரெங்கராஜிடம் கையெழுத்து வாங்கி, அவர் வீட்டு வாசலில் வைஷ்ணவியை இறக்கிவிட்டுப் போனார்கள். வெளியே தெரியாமல் பத்திரமாக வைத்துக்கொள்ளும்படியும் சொன்னார்கள்.

வைஷ்ணவியின் அம்மா முத்துமாரியம்மாள் குழுவுக்குப் போன் செய்தார். கவலைப்பட வேண்டாம், உங்கள் மகள் பெற்றோருடன் பத்திரமாக இருக்கிறாள் என்று சொர்ணம் ஆறுதல் சொன்னார்.

"அப்ப நான் யாருங்க?" என்று கேட்டார் முத்துமாரியம்மாள்.

அதற்குத் தனியாக ஒரு மனு கொடுக்க வேண்டும் என்றார்கள். அவர் மனு கொடுக்கவில்லை. பஸ் ஏறி ரெங்கராஜ் வீட்டுக்கு வந்து சேர்ந்தார். அன்றிலிருந்து அந்த வீட்டில் ஒரு பெண்ணும், அந்தப் பெண்ணுக்கு ஒரு தாயும், தாய்க்குச் சம்பந்தமில்லாத ஒரு தகப்பனும் குழுவின் ஏற்பாட்டின்படி குடியிருந்தார்கள். வாசலில் காவலர் ஒருவர் இருந்தார். சாப்பாட்டு நேரத்தில் அவரும் உள்ளே வருவார்.

விக்ரமிடம் ஊரை விட்டே போய்விடுவதாக எழுதி வாங்கினார்கள். வெள்ளிக்கிழமை எப்படியும் போகிறேன் சார் என்றான் அவன். பையனைக் கடல் கடந்து அனுப்பிவைத்ததில் குழுவுக்குப் பெரிய திருப்தி. அந்த மாதத்துச் சாதனைகளில் அது முதலில் வந்தது.

புதன்கிழமை மறுபடியும் கூடினார்கள். அதே சுவர்கள், அதே சன்னல். கம்பும் மறுபடி வாசலுக்கு வந்தது. வைஷ்ணவியை ரெங்கராஜ் பக்கமும் விக்ரமைச் சோலையப்பன் பக்கமும் உட்கார வைத்தார்கள்; முத்துமாரியம்மாளும் மகளோடு வந்திருந்தார். அன்புமொழி அந்த நான்கு நாளில் சரியாகச் சாப்பிடவில்லை. வந்து உட்கார்ந்ததும், சார், எங்களுக்கு இன்னும் ஒரு நாள்தான் இருக்கிறது என்று ஆரம்பித்தாள். சிவபிரகாஷ் கையமர்த்தினார். குழு அவளுக்காக மிகவும் உழைத்திருப்பதாகவும், கடைசிக் காட்சிக்கு மாற்று ஏற்பாடுகளே தயார் செய்திருப்பதாகவும் தெரிவித்தார்.

"விஷம் குடிக்கலாம். தண்டவாளம் வைக்கலாம். அதெல்லாம் சோகமா இருக்கும்னு நீங்க நெனச்சா, பொண்ணு மனசு மாறி அப்பா காலைத் தொட்டுக் கும்பிட்டு, வீட்ல பாத்த மாப்பிள்ளையைக் கட்டிக்கிடலாம். மூணுமே இந்த வட்டாரத்துல பழக்கத்துல உள்ளதுதான். இதுவரைக்கும் எவனும் ஆட்சேபம் பண்ணுனதில்லை."

ரெங்கராஜ் தமது கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். காயிலுக்குப் பூசும் வார்னிஷ் கறை போகாத கைகள்.

"நீங்க எழுதியிருக்கிற மாதிரி, கம்போட நிக்கிற அப்பன் தானா ஒதுங்கி வழி விடுறதுங்கிறது எதார்த்தமா இல்லைம்மா" என்று சிவபிரகாஷ் தொடர்ந்தார். "என் சர்வீஸ்ல அப்படி ஒரு அப்பனை நான் பாத்ததே இல்லை."

"ஒருத்தரைக்கூடவா சார்?" என்று கேட்டார் ரெங்கராஜ். பேச்சுவார்த்தையில் அவராக வாயைத் திறந்தது அதுதான் முதல்முறை.

"ஒதுங்குற மாதிரி தெரிஞ்சா நாங்க முன்னாலயே கூப்பிட்டுப் பேசிருவோம்ல."

சொர்ணம் ஆமாம் என்று தலையாட்டினார். பிறகு, இத்திருமணத்தில் எனக்குச் சம்மதம் இல்லை என்று பெண்ணின் தகப்பனார் ஒருவரி சொல்லிவிட்டால் கூட்டத்தை முடித்துவிடலாம், ஜீப்பும் மச்சுவாடியில் இன்னொரு பெண்ணை எடுக்கப் போக வேண்டியிருக்கிறது என்றார்.

ரெங்கராஜ் எழுந்தார். அந்த நிமிடம் வரைக்கும் அவர் குழப்பத்தில் இருந்தார். தாம் மோட்டார்க்காரர் ரெங்கராஜா, மேற்கு வீட்டு அப்பாவா, எந்தக் கேள்விக்கு எந்த ஆளாகப் பதில் சொல்வது என்பது அவருக்குப் பிடிபட்டிருக்கவில்லை. இன்னொரு பெண் என்று சொர்ணம் சொன்னபோது அது பிடிபட்டது.

"சார், இந்தப் புள்ளையை ஜீப்புல கொண்டாந்து எங்க வீட்ல விட்டது நீங்க. இவுக அம்மா அங்கிட்டுக் கெடந்து தவிக்க, நாந்தான் அப்பன்னு எங்கிட்டக் கையெழுத்து வாங்குனதும் நீங்க. நாலு நாளா எங்க வீட்டுச் சோத்தைத்தான் சாப்பிடுறா. அப்ப அப்பன் சொல்றேன், எழுதிக்கங்க. எனக்குச் சம்மதம்."

சொர்ணத்தின் பேனா நின்றுவிட்டது. சம்மதம் என்பதை எங்கே எழுதுவது என்று அவருக்குத் தெரியவில்லை. அப்படி ஒரு வார்த்தை அந்த அறையில் அதற்கு முன் தேவைப்பட்டதில்லை.

தெற்குச் சுவர் ஓரம் சோலையப்பனும் எழுந்தார்.

"எங்க வீட்லயும் ஆட்சேபம் இல்லைங்க. மச்சான், பொண்ணு பாக்க எப்ப வரட்டும்?"

சொல்லிவிட்டு அவர் குறுக்கே நடந்து வரத் தொடங்கினார். ரெங்கராஜும் நடந்தார். இரு தரப்பும் கைகலக்கப் போகிறது என்று நினைத்த காவலர்கள் ஓடிவந்தார்கள். இருவரும் கட்டிப்பிடித்துக்கொண்டதும், அதை விலக்கிவிடுவதற்கான உத்தரவு இருக்கிறதா என்று தெரியாமல் தலைவரைப் பார்த்தார்கள்.

சிவபிரகாஷ் மேசையைத் தட்டினார்.

"சோலையப்பன், அவசரப்படாதீங்க. நல்லா யோசிச்சுப் பாருங்க. மடையை அடைச்சு ஒங்க வயலைக் காயப்போட்டவங்க வீட்டுப் பொண்ணு அது. ஒம்பதாவது சீன்ல ஒங்க தம்பியை வெட்டுனது யாரு? அதுக்குள்ள மறந்துபோச்சா? ஒரு ரோஷம் வேணாமாங்க மனுஷனுக்கு?"

"தம்பி பொன்னமராவதிக்கு மைதா எடுக்கப் போயிருக்கான் சார்" என்றார் சோலையப்பன். "வந்ததும் கேட்டுச் சொல்றேன்."

சிவபிரகாஷ் சொர்ணத்தோடு கலந்து பேசினார். பிறகு முடிவை அறிவித்தார். பேச்சுவார்த்தை நடத்துவதற்கு இரு தரப்பிடையே பிணக்கு இருப்பது முதல் நிபந்தனை. இந்தத் தரப்புகள் பிணக்கை வேண்டுமென்றே இழந்துவிட்டதால், அது மீண்டும் ஏற்படும் வரை கூட்டம் அடுத்த மாதத்துக்கு ஒத்திவைக்கப்படுகிறது. அதுவரை மேற்படி பையனும் பெண்ணும் ஒரே தெருவில் காணப்படக் கூடாது.

அடுத்த மாதம் விக்ரம் தோஹாவில் ஏதோ ஒரு மொட்டைமாடியில் இருப்பான். அன்புமொழி எழுந்தாள். அழுவாள் என்று சொர்ணம் எதிர்பார்த்துத் தண்ணீர் பாட்டிலை நகர்த்தி வைத்தார். அங்கே வருகிற பெண்களுக்காக அது எப்போதும் மேசையில் இருக்கும்.

"ஒங்ககிட்ட வந்து கேட்டது எங்க தப்பு சார்" என்றாள் அவள். "தெருவுல நடக்கிறதுக்கு யாரும் அனுமதி கேக்கிறதில்லை. கொலைகாரன்கூடக் கேக்கிறதில்லை. நாங்கதான் கேட்டுட்டோம்."

வெளியே வந்து, அனுமதி கிடைத்தால் உடனே எடுக்கலாம் என்று கேமராவோடு காத்திருந்த கேமராக்காரனிடம் குழுவின் கேட்டுக்கு எதிர்ப்புறம் கேமராவை வைக்கச் சொன்னாள். வீட்டு வாசலில் எடுக்க வேண்டிய காட்சி இதுதானே என்று அவன் கேட்டான். வாசல்தானே வேண்டும், இதுவும் வாசல்தான் என்றாள். வைஷ்ணவியும் விக்ரமும் படியில் வந்து நின்றார்கள். முத்துமாரியம்மாள் மகளின் தலைமுடியைச் சரிசெய்துவிட்டு நகர்ந்தார். ரெங்கராஜ் சாத்தி வைத்திருந்த கம்பை எடுத்துக்கொண்டு தமது இடத்தில் நின்றார்.

சிவபிரகாஷ் செருப்பில்லாமல் ஓடி வந்தார். இரண்டு காவலர்களையும் கூட்டிக்கொண்டு கேட்டுக்கு நடுவே கைகளை விரித்து நின்றார். இந்தக் காட்சிக்கு அனுமதி இல்லை, இது இங்கே நடக்கவே நடக்காது என்று கத்தினார். தெருவில் ஆள் சேர்ந்துவிட்டது. எதிர்க்கடையில் பஜ்ஜி போடுகிறவர் அடுப்பை அணைத்துவிட்டு வந்திருந்தார்.

"சார், நீங்க ஃபிரேமுக்குள்ள நிக்கிறீங்க" என்றாள் அன்புமொழி.

சிவபிரகாஷ் நகரவில்லை. சட்டையை மட்டும் கீழே இழுத்துவிட்டுக்கொண்டார்.

"நிக்கட்டும். ஓடட்டும் கேமரா" என்று கேமராக்காரனிடம் சொன்னாள் அன்புமொழி.

கதைப்படி இந்த இடத்தில் அப்பா கம்பைத் தாழ்த்திவிட்டு ஒரு பக்கமாக ஒதுங்க வேண்டும். ரெங்கராஜ் திரும்பிப் பார்த்தார். பின்னால் இரண்டு பிள்ளைகள் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். முன்னால் விரித்த கைகளோடு சிவபிரகாஷ் நின்றார். ரெங்கராஜ் ஒதுங்கவில்லை. பிள்ளைகளுக்கு முன்னால் போய் நின்று கம்பைச் சுற்ற ஆரம்பித்தார்.

திருவிழாவில் சிலம்பம் ஆடுவதற்கு முன், கூட்டத்தை விலக்கி இடம் பிடிக்க ஒருவர் கம்பைச் சுற்றிக்கொண்டே முன்னால் வருவார். யாரையும் அடிக்க மாட்டார். யார்மீதும் பட்டதும் கிடையாது. ஆனாலும் காற்றில் அந்தச் சத்தம் கேட்டதும் எல்லாருடைய கால்களும் தாமாகப் பின்னுக்குப் போகும். ரெங்கராஜ் அப்படித்தான் சுற்றினார், நிதானமாக, ஓரடிக்கு ஒரு சுற்று. முதலில் காவலர்கள் பின்வாங்கினார்கள். அவர்களும் திருவிழாக்களில் வளர்ந்த பிள்ளைகள்தான். அப்புறம் சிவபிரகாஷின் கால்களும் பின்னுக்குப் போயின. கேட்டைத் தாண்டி, சாக்கடைப் பலகையைத் தாண்டி, பஜ்ஜிக் கடைத் தட்டி வரை போய் நின்றன. அவருடைய கைகள் மட்டும் கடைசி வரை விரிந்தே இருந்தன.

கம்பு பிடித்த இடத்தின் ஊடே வைஷ்ணவியும் விக்ரமும் தெருவில் இறங்கி நடந்தார்கள். கூட்டத்தில் யாரோ விசில் அடித்தார். பேருந்து நிறுத்தம் வரை அவர்கள் போயும் அன்புமொழி கட் சொல்லவில்லை.

அன்று மாலை குழு மேலிடத்துக்கு அனுப்பிய அறிக்கையில், இரு தரப்பினரும் சமாதானமாகக் கலைந்து சென்றதால் வட்டாரத்தில் பதற்றம் நிலவுவதாகக் கண்டிருந்தது. பொது அமைதிக்குப் பங்கம் விளைவித்ததாக ரெங்கராஜ் மேல் வழக்கும் பதிவாயிற்று. அதற்கான சம்மனைக் கொண்டுவந்த காவலர், அந்த வீட்டில் நான்கு நாள் சாப்பிட்டவர் என்பதால், உள்ளே வந்து உட்கார்ந்து எடுத்த காட்சியைத் தானும் ஒருமுறை பார்த்தார். நன்றாக வந்திருக்கிறது என்றார்.

அவர் போன பிறகு அன்புமொழி அதை இன்னொருமுறை ஓடவிட்டாள்.

"ஒதுங்கி நிக்கணும்னுதானேப்பா எழுதியிருந்தேன்."

"ஒதுங்கலாம்னுதான் பாத்தேன்" என்றார் ரெங்கராஜ். "நான் ஒதுங்குனாலும் அந்தாளு அங்ஙனதானே நிக்கிறாரு."